கூட்ட அரங்கிலிருந்து நாடாளுமன்ற மேசை வரை: வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் மக்கள் பிரதிநிதியின் இடம்

நாடாளுமன்ற உறுப்பினரை மதிப்பிடுவதில் நம்மிடையே இரு தரப்புகள் உள்ளன. டெல்லியில் முழங்குகிறார், தொகுதிப் பக்கம் தலைகாட்டுவதில்லை என்பது ஒரு தரப்பின் குறை. சாலை போட்டார், நிழற்குடை கட்டினார், ஆனால் நம் உரிமைக்காக அவையில் வாய் திறக்கவில்லை என்பது மற்றொரு தரப்பின் குறை. தேசியக் கொள்கை ஒரு வேலை, தொகுதிப் பிரச்சினை வேறொரு வேலை என்ற எண்ணம் இரு தரப்புக்கும் பொதுவானது. பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்கும் 1989ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பொறுத்தவரையிலாவது இந்தப் பாகுபாடு தவறானது. அச்சட்டமும் அதன் விதிகளும் மாவட்டத்தில் ஓர் இருக்கையையும் நாடாளுமன்றத்தில் ஓர் இருக்கையையும் ஒரே மனிதருக்கு அளித்து, இரண்டையும் ஓர் அறிக்கையால் இணைத்திருக்கின்றன. அந்த இணைப்பு எவ்வாறு இயங்க வேண்டும், எங்கே அறுந்து கிடக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தகைய இணைப்பு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு நூறாண்டுக்கால வரலாறு சான்று. 1923 ஆகஸ்டில் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ். கே. போலே ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். பொது நிதியில் கட்டப்பட்டுப் பராமரிக்கப்படும் குளம், கிணறு, சத்திரம், பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றை ஒடுக்கப்பட்ட வகுப்பினரும் பயன்படுத்தலாம் என்றது அத்தீர்மானம். அது நிறைவேறியது. மகாட் நகராட்சி 1924இல் அதனை ஏற்றுத் தானும் ஒரு தீர்மானம் இயற்றியது. ஆயினும் அவ்வூரின் சவுதார் குளத்தில் நம் மக்கள் ஒரு கை நீர் அள்ள முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சென்று அந்நீரைப் பருகும் வரை இரண்டு தீர்மானங்களும் தாளில்தான் இருந்தன. அதன் பின்னரும் குளத்தின் மீதான வழக்கு 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில்தான் முடிவுக்கு வந்தது.

சென்னை மாகாணத்தின் கதையும் இதிலிருந்து வேறுபட்டதன்று. தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 1924 ஆகஸ்ட் 22 அன்று சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம், பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் எதிலும் எந்த வகுப்பினரையும் தடுக்கக் கூடாது என்றது. செப்டம்பர் 25 அன்று அது அரசாணையாயிற்று. அந்த அரசாணை வெளியாகி நூறாண்டு கடந்துவிட்டது. செருப்பணிந்து நடக்க இயலாத தெருக்கள் இன்னும் செய்திகளில் வந்துகொண்டிருக்கின்றன.

ஊரில் கண்ட கொடுமையைச் சட்டமாக்கும் எதிர்த்திசைப் பயணத்திற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, காட்டுமன்னார்கோயில் பகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்ற எல். இளையபெருமாள். தீண்டாமை குறித்தும் பட்டியல் சாதியினரின் கல்வி, பொருளாதார நிலை குறித்தும் ஆராய ஒன்றிய அரசு 1965இல் அமைத்த குழுவுக்கு அவரே தலைவர். 1969இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை இரண்டு சட்டங்களில் தடம் பதித்தது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமாகக் கடுமையாக்கப்பட்டது ஒன்று. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கத் தமிழ்நாடு அரசு 1970இல் கொண்டுவந்த திருத்தச் சட்டம் மற்றொன்று. அத்திருத்தத்தின் நோக்க விளக்கத்திலேயே அக்குழுவின் பரிந்துரை காரணமாகச் சுட்டப்பட்டுள்ளது. தமிழகத்தில் அனைத்துச் சாதி அர்ச்சகர் பற்றிப் பேசுவோரில் எத்தனை பேர் இளையபெருமாளின் பெயரைச் சொல்கிறார்கள் என்பது வேறு விவாதம்.

இனி இன்றைய சட்டத்திற்கு வருவோம். வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இல் இயற்றப்பட்டன. அவற்றின் 17ஆம் விதி, மாவட்டந்தோறும் ஒரு விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு அமைய வேண்டும் என்கிறது. மாவட்ட ஆட்சியர் அதன் தலைவர். காவல் கண்காணிப்பாளரும், பட்டியல் சாதி, பழங்குடி வகுப்புகளைச் சேர்ந்த மூன்று உயர்நிலை அலுவலர்களும், அதே வகுப்புகளின் ஐந்து பேருக்கு மிகாத அரசு சாரா உறுப்பினர்களும், தொண்டு அமைப்புகளோடு தொடர்புடைய பிற வகுப்பினர் மூன்று பேர் வரையிலும் அதில் இடம்பெறுவர். இவர்களுக்கெல்லாம் முன்பாக விதி குறிப்பிடுவது, தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களை. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழுவைப் பற்றிய 16ஆம் விதி, பட்டியல் சாதி, பழங்குடி வகுப்பைச் சேர்ந்த மக்கள் பிரதிநிதிகளைத்தான் உறுப்பினராக்குகிறது. மாவட்டக் குழுவுக்கான விதியில் அந்த வரையறை இல்லை. பொதுத் தொகுதியில் வென்றவரும் அக்குழுவின் உறுப்பினரே. வன்கொடுமை பற்றிப் பேசுவது தனித் தொகுதிக்காரரின் வேலை என்று ஒதுங்க அவருக்குச் சட்டம் இடம் தரவில்லை.

மாவட்டக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். சட்டம் நடைமுறையாகும் விதம், பாதிக்கப்பட்டோருக்கான தீருதவியும் மறுவாழ்வும், வழக்குகளின் போக்கு, பொறுப்புள்ள அலுவலர்கள் தம் கடமையைச் செய்தனரா என்பது ஆகியவற்றை ஆராய்வது அதன் பணி. கடைசியாகச் சொன்னதை மீண்டும் படியுங்கள். கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும், பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத அரசு ஊழியருக்குச் சட்டத்தின் 4ஆம் பிரிவு தண்டனை விதிக்கிறது. ஆனால் நிர்வாக விசாரணையின் பரிந்துரை இருந்தால்தான் அப்பிரிவில் குற்றம் சாட்ட முடியும். அவ்விசாரணையை வேண்டுமென்று கேட்கத் தகுந்த இடம் இக்குழுவே. அறுபது நாளில் முடிய வேண்டிய புலனாய்வு ஏன் முடியவில்லை, கொலை வழக்கில் பிரேதப் பரிசோதனைக்குப் பின் உடனே தர வேண்டிய பாதித் தீருதவித் தொகை ஏன் போய்ச் சேரவில்லை என்று ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் எழுந்து கேட்டால், காவல் கண்காணிப்பாளர் அதே மேசையில் அமர்ந்திருக்கிறார். அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

நடப்பது என்ன? பதிவான வழக்குகள் இத்தனை, வழங்கிய தொகை இவ்வளவு என்று ஒரு பட்டியல் வாசிக்கப்படும். தேநீர் வரும். கூட்டம் முடியும். மக்கள் பிரதிநிதியின் நாற்காலி பெரும்பாலும் காலியாக இருக்கும், அல்லது அவருடைய உதவியாளர் வந்து கையொப்பமிட்டுச் செல்வார்.

அந்தக் காலி நாற்காலி ஒரு மாவட்டத்தின் இழப்போடு நின்றுவிடுவதில்லை. 18ஆம் விதியின்படி ஒவ்வொரு மாநில அரசும், முந்தைய நாட்காட்டி ஆண்டில் சட்டத்தைச் செயல்படுத்த எடுத்த நடவடிக்கைகள் பற்றிய அறிக்கையை மார்ச் 31க்குள் ஒன்றிய அரசுக்கு அனுப்ப வேண்டும். சட்டத்தின் 21(4)ஆம் பிரிவின்படி ஒன்றிய அரசு அவற்றைத் தொகுத்து ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மேசை மீது வைக்க வேண்டும். ஆக, மாவட்டக் கூட்டத்தில் கேட்கப்படாத கேள்வி, பதிவாகாத குறையாகி, மாநில அறிக்கையில் இல்லாத பத்தியாகி, இறுதியில் அதே உறுப்பினரின் கைக்கு டெல்லியில் அச்சிட்ட நூலாக வந்து சேர்கிறது. அதை வைத்துக்கொண்டு அவர் அவையில் எதைப் பேச முடியும்? இச்சட்டம் சரிவரச் செயல்படுத்தப்படவில்லை என 2006இல் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில், அதிகாரிகளின் அலட்சியத்தால் சட்டத்தின் நோக்கம் தோற்றுப்போயிருக்கிறது என உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் கண்டித்தது. அந்த அலட்சியத்தைக் கேள்வி கேட்கும் அதிகாரம் பெற்றிருந்தோரின் அலட்சியம் பற்றியும் நாம் பேசியாக வேண்டும்.

தனித் தொகுதி உறுப்பினர்கள் ஏன் மௌனமாக இருக்கிறார்கள் என்ற கேள்வி பழையது. மக்களவையின் 543 இடங்களில் 84 பட்டியல் சாதியினருக்கானவை. தமிழ்நாட்டில் திருவள்ளூர், காஞ்சிபுரம், விழுப்புரம், சிதம்பரம், நாகப்பட்டினம், நீலகிரி, தென்காசி என ஏழு. 1932ஆம் ஆண்டுப் பூனா ஒப்பந்தம் தனி வாக்காளர் தொகுதியைப் பறித்துக் கூட்டு வாக்காளர் தொகுதியைத் தந்ததால், அங்கெல்லாம் வெற்றியை முடிவு செய்வோரில் பெரும்பான்மையினர் தலித் அல்லாதோர். 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டமும் சேர்ந்துகொண்டது. கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகும். இவை உண்மையான தளைகள், நாம் மறுக்கவில்லை. ஆனால் பத்தாம் அட்டவணை கட்டுப்படுத்துவது அவையில் அளிக்கும் வாக்கை. கேள்வி கேட்பதற்கு எதிராகக் கொறடா உத்தரவு கிடையாது. முப்பது உறுப்பினர் கொண்ட பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நலக் குழுவில் அலுவலர்களைக் குறுக்குக் கேள்வி கேட்பதற்கும் கிடையாது. மாவட்டக் குழுவுக்குச் செல்வதற்கு எந்தக் கட்சித் தலைமையின் அனுமதியும் தேவையில்லை. வாக்களிப்பில் அடங்கிப்போகும் உறுப்பினரை மன்னித்தாலும், இம்மூன்று இடங்களிலும் வாய்மூடி இருப்பவரை மன்னிக்க நமக்குக் காரணம் எதுவுமில்லை. 2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தை நீர்த்துப்போகச் செய்தபோது, ஏப்ரல் 2 அன்று தெருவில் இறங்கிய மக்களின் எழுச்சியோடு, ஆளும் கூட்டணிக்குள் இருந்த தலித் உறுப்பினர்களும் வெளிப்படையாக அழுத்தம் தந்தனர். அதே ஆகஸ்டில் 18ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. தளைகளுக்குள்ளும் இயங்க முடியும்.

தொகுதிப் பணி என்ற பெயரில் சட்டத்தையே குழிதோண்டிப் புதைக்கும் வேலையும் நடக்கிறது. 2019 ஆகஸ்டில், அன்றைய வேலூர் மாவட்டத்தில், வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில், பாதை மறுக்கப்பட்டதால் ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினர். அக்காட்சியை நாம் மறந்திருக்க மாட்டோம். நிர்வாகம் செய்தது, தலித் மக்களுக்கெனத் தனி மயானத்துக்கு நிலம் ஒதுக்கியது. தானாக முன்வந்து வழக்கை எடுத்த சென்னை உயர் நீதிமன்றம், தனி மயானம் ஒதுக்குவதன் மூலம் அரசே சாதிப் பிரிவினையை ஊக்குவிப்பதாகத் தோன்றுகிறதே எனக் கேட்டது. மயானத்தையோ பொதுப் பாதையையோ பயன்படுத்தவிடாமல் தடுப்பது 2015ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் வன்கொடுமைக் குற்றம். பாதையைத் தடுத்தவர் மீது வழக்குப் போடாமல் மாற்று மயானம் அமைத்துத் தருவது, குற்றத்திற்கு அரசுச் செலவில் சமரசம் செய்வதாகும்.

ஓராண்டுக்கு ஐந்து கோடி ரூபாயாக உள்ள நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியில் 15 விழுக்காடு, அதாவது 75 லட்சம் ரூபாய், பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்குப் பரிந்துரைக்கப்பட வேண்டும் என்கின்றன அதன் வழிகாட்டு நெறிகள். அப்பணத்தில் சேரிக்கு ஒரு குடிநீர்த் தொட்டி கட்டுவது நல்லதே. ஊர்த்தெருத் தொட்டியில் நீர் மறுக்கப்பட்டதால் அது கட்டப்படுகிறது எனில், கட்டுவதற்கு முன் புகார் மனு எழுதப்பட்டிருக்க வேண்டும். கல்வெட்டில் பெயர் பொறிக்கும் உறுப்பினரிடம் நாம் முதலில் கேட்க வேண்டியது அந்த முதல் தகவல் அறிக்கையின் எண்ணை.

அவைக் கேள்விகளைப் பற்றி மாணவத் தோழர்களுக்கு ஒரு சொல். மக்களவையில் ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளும் 230 குறியிடாத கேள்விகளும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. முன்னதற்கு அமைச்சர் வாய்மொழியாக விடையளிப்பார், துணைக் கேள்வி எழுப்பலாம். பின்னதற்கு எழுத்தில் விடை வரும். “வன்கொடுமைகள் அதிகரித்துள்ளனவா?” என்று கேட்டால், காவலும் பொது ஒழுங்கும் மாநிலப் பட்டியலில் வருகின்றன என்று ஒரே வரியில் ஒன்றிய அரசு கைகழுவிவிடும். இப்பதிலை நாம் எத்தனையோ முறை படித்துவிட்டோம். கேள்வியை வேறு விதமாக அமைக்க வேண்டும். இச்சட்டத்தைச் செயல்படுத்தும் திட்டத்திற்கு ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு நிதிப்பங்கு தருகிறது. எனவே தமிழ்நாட்டுக்கு எவ்வளவு விடுவிக்கப்பட்டது, 18ஆம் விதியின்படி மாநில அறிக்கை எந்த நாளில் வந்தது, 21(4) அறிக்கை கடைசியாக எந்த ஆண்டுக்கு மேசை மீது வைக்கப்பட்டது, மாவட்டக் குழுக்கள் கூடாத மாவட்டங்கள் எவை என்று கேட்டால் மாநிலப் பட்டியலின் பின்னால் ஒளிய முடியாது. இப்படி ஒரு கேள்வியை எழுதி உறுப்பினரின் அலுவலகத்தில் தருவதற்குச் சட்டப் படிப்புக்கூடத் தேவையில்லை. கேள்வி அறிவிப்பு பதினைந்து நாட்களுக்கு முன் சென்று சேர வேண்டும் என்பதால், கூட்டத்தொடர் அறிவிப்பு வந்ததும் எழுதத் தொடங்க வேண்டும்.

அதற்கு முன் மாவட்டத் தரவு கையில் இருக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பித்து, கடந்த மூன்று ஆண்டுகளின் மாவட்ட விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுக் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளையும் வருகைப் பதிவையும் கேளுங்கள். விதிப்படி பன்னிரண்டு கூட்டங்களின் குறிப்புகளேனும் வர வேண்டும். குறைவாக வந்தால் அதுவே உங்கள் முதல் சான்று. வந்தவற்றில் நாடாளுமன்ற உறுப்பினரின் கையொப்பம் எத்தனை இடத்தில் உள்ளது, அது அவருடையதா உதவியாளருடையதா, அவர் எழுப்பிய கேள்வி ஏதேனும் குறிப்பில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாட்களில் பதில் வர வேண்டும்.