அண்டாவின் சூடு
ரசாயனத் தொழிற்சாலையின் முதல் பாடம்

கல்யாண வீட்டுச் சமையற்கட்டை எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? தம்ளரில் ஊற்றிய ரசம் சில நிமிஷங்களில் ஆறிவிடுகிறது. அண்டாவில் இருக்கும் ரசமோ கடைசிப் பந்திக்கும் ஆவி பறக்க வருகிறது. இரண்டும் ஒரே அடுப்பில் கொதித்த ரசம்தான். வித்தியாசம் பாத்திரத்தின் அளவில் இருக்கிறது.

இந்தச் சின்ன விஷயம் ரசாயன என்ஜினீயரிங்கின் அஸ்திவாரங்களில் ஒன்று. இதை அலட்சியம் செய்தால் உயிருக்கே ஆபத்து என்பதற்கு, அமெரிக்காவில் 2007-ஆம் ஆண்டு நடந்த விபத்து ஒன்று சாட்சி.

வரவும் செலவும்

ரசாயன நிபுணர் ஒரு பொருளைக் கண்ணாடிக் குடுவையில் செய்து காட்டுகிறார். அதையே டன் கணக்கில் செய்து தருவது ரசாயன என்ஜினீயரின் பொறுப்பு. அதற்கு அவர் முதலில் போடுவது, மளிகைக் கடைப் பேரேடு போன்ற ஒரு வரவு செலவுக் கணக்கு. கலத்துக்குள் போன எடையில், வெளியே வந்தது போக மீதி உள்ளேதான் இருக்க வேண்டும்.

சூட்டுக்கும் இதே கணக்குத்தான். ரசாயன மாறுதலில் பிறக்கும் சூடும் வரவில் சேரும். செலவைவிட வரவு அதிகமானால், மிச்சம் கலத்திலேயே தங்கி உஷ்ணம் ஏறும். உஷ்ணம் ஏறினால் மாறுதலும் வேகமாகும். வேகமானால் இன்னும் சூடு பிறக்கும்.

சூடு பிறப்பது சரக்கு முழுவதிலும். வெளியேறுவது சுவர் வழியாக மட்டுமே. கலத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரு மடங்காக்கினால் சரக்கு எட்டு மடங்காகிறது. சுவரின் பரப்போ நான்கு மடங்குதான் ஆகிறது. அண்டா ஆறாத ரகசியம் இதுவே.

ஜாக்சன்வில்லில் நடந்தது

புளோரிடா ராஜ்யத்தில், ஜாக்சன்வில் நகரில் இருந்த டி2 லேபரட்டரீஸ் என்ற சிறு தொழிற்சாலை, பெட்ரோலில் கலக்கும் ஒரு பொருளை ஸோடியம் உலோகத்தின் உதவியால் தயாரித்துவந்தது. ஒரு லிட்டர் கலத்தில் பரீட்சை செய்தார்கள். பிறகு சுமார் 9,300 லிட்டர் கலத்துக்குப் போனார்கள். வடிவம் ஒன்றே என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு லிட்டர் சரக்குக்கும் கிடைக்கும் சுவர் 21-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது!

முதல் பத்து ஈடுகளில் மூன்றில், எதிர்பாராத அளவுக்குச் சூடு ஏறியது. அது ஓர் எச்சரிக்கை. ஆனாலும் 42-ஆவது ஈட்டிலிருந்து சரக்கின் அளவை மூன்றில் ஒரு பங்கு கூட்டினார்கள்.

கலத்தைச் சுற்றிய உறையில் தண்ணீர் விட்டார்கள். அது கொதித்து ஆவியாகிச் சூட்டைக் கொண்டுபோக வேண்டும். ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது சுமார் 540 கலோரியை விழுங்குவதால், யோசனை நல்லதுதான். ஆனால் தண்ணீர் தவறினால் மாற்று ஏற்பாடு இல்லை.

சுமார் 182 டிகிரி சென்டிகிரேடில் தண்ணீர் விடவேண்டும். 199 டிகிரியைத் தாண்டினாலோ ஸோடியமும் கரைப்பானும் சேர்ந்து, இன்னும் உக்கிரமான இரண்டாவது மாறுதலைத் தொடங்கிவிடும். இடைவெளி 17 டிகிரிதான்.

2007 டிசம்பர் 19 அன்று 175-ஆவது ஈடு. குளிரூட்டும் ஏற்பாடு சரியில்லை என்று உரிமையாளர்களுக்குச் சேதி போயிற்று. அவர்கள் திரும்பி வந்த சிறிது நேரத்தில் கலம் வெடித்தது. 4 பேர் மாண்டார்கள். 32 பேர் காயமடைந்தார்கள். காயமடைந்தவர்களில் 28 பேர் அக்கம்பக்கத்து இடங்களில் வேலை செய்தவர்கள். மாண்டவர்களில் ஒருவர் உரிமையாளர். அவரே ஒரு ரசாயன என்ஜினீயர்.

கேட்க வேண்டிய கேள்விகள்

அமெரிக்க அரசின் ரசாயன விபத்து விசாரணைக் குழு 2009-இல் அறிக்கை வெளியிட்டது. கட்டுக்கடங்காமல் சூடு ஏறும் அபாயத்தை ரசாயன என்ஜினீயரிங் மாணவர்களுக்குக் கல்லூரியிலேயே கற்பிக்க வேண்டும் என்பது அதன் சிபாரிசுகளில் ஒன்று.

கல்லூரியைத் தாண்டி வந்துவிட்டவர்களும் தங்கள் தொழிற்சாலையில் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இந்தக் கலத்தில் பிறக்கும் சூடு எவ்வளவு? அது எந்த வழியாகப் போகிறது? அந்த வழி அடைபட்டால் வேறு வழி உண்டா?

புளியோதரைக்குச் சாதத்தை அகலமான தாம்பாளத்தில் பரப்பி ஆற்றுகிறாரே சமையற்காரர், அவர் கணக்குப் படித்தவர் அல்ல. ஆனால் சூடு போக வழி செய்யாமல் அடுத்த காரியத்துக்குப் போவதில்லை.