மூட்டைத் தானியமும் முப்பது நாள் சமையலும்

கோடை விடுமுறை முடிந்து நாகபுரி நிலையத்தில் ஜி. டி. எக்ஸ்பிரஸிலிருந்து இறங்கும் நம்மவர் குடும்பத்தைப் பார்த்த மாத்திரத்தில் இனங் கண்டுகொள்ளலாம். துணிப்பெட்டி ஒன்று என்றால் தானிய மூட்டை இரண்டு இருக்கும். புழுங்கலரிசி, உளுந்து, கொள்ளு, மொச்சை, காராமணி என்று ஊரிலுள்ள பெரியவர்கள் கட்டிக் கொடுத்தவை. அங்கே கிடைக்காதே என்ற கவலை பாதி. கொடுத்தனுப்பாவிட்டால் மனம் ஆறாது என்பது பாதி. எங்கள் வீட்டுக்கும் மூட்டை வருவதில் ஒருநாளும் குறைவிருந்ததில்லை. வந்ததை உண்ணும் வகைதான் நெடுநாள் தெரியாமல் இருந்தது.

அது தெரிய வந்தது 2020-ஆம் ஆண்டில். மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கிற்று. பயணி வண்டிகள் நின்றுவிட்டன. சரக்கு வண்டிகள் மட்டும் ஓடின. எங்கள் வீட்டில் அரிசி முப்பது கிலோவும் துவரம் பருப்பு ஆறு கிலோவும் இருந்தன. இனி என்ன கவலை என்று நிம்மதியாயிருந்தோம். காய்கறி அரிதாயிற்று. காலையில் சாம்பார், இரவில் ரசம், மறுநாள் மீண்டும் சாம்பார். மூன்றாவது வாரத்தில், ஏழு வயதுப் பெண் தட்டைத் தள்ளி வைத்து, "இன்றைக்கும் இதேதானா, அப்பா?" என்றாள். கோபித்துக்கொண்டோம். பிறகு வெட்கப்பட்டுப் பரணிலிருந்த தகர டின்களை இறக்கினோம். கொள்ளு பிழைத்திருந்தது. காராமணி பாதி மாவாயிருந்தது. மொச்சையில் ஓட்டை விழாத பருப்பு ஒன்றுகூட இல்லை. அம்மா கொல்லையில் விளைவித்து, வெயிலில் காயப்போட்டு, கையால் பொறுக்கிக் கட்டிக் கொடுத்த மொச்சை அது! அன்றிரவு தொலைபேசியில், "மொச்சை வெந்ததா, மெத்தென்றிருந்ததா?" என்று அவர் கேட்டபோது, "நன்றாயிருந்தது, அம்மா" என்று சொல்லிவிட்டோம்.

அந்த நாட்களில் எங்களுக்குக் கை கொடுத்தவர் பக்கத்துக் குடியிருப்பில் இருக்கும் விதர்ப்பத்து அம்மையார். குழந்தைகள் அவரைக் காக்கூ என்று அழைப்பார்கள். ஒரு நாள் மதில் வழியாகக் கிண்ணம் நிறைய முளை கட்டிய பயறு நீட்டினார். அவர் மட்கி என்று சொன்னது நம் ஊர் நரிப்பயறேதான். அடுத்த வாரம் சோளம் கொடுத்தார். ஊரில் எங்கள் பாட்டனார் காலத்துச் சாப்பாடு சோளச்சோறு. நாங்கள் அதை மறந்து, அரிசியைத் தூக்கிக்கொண்டு, சோளம் விளைகிற சீமைக்கு வந்திருக்கிறோம்!

இப்பொழுது எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் கேட்கப்படும் முதற் கேள்வி, "நாளைக்கு எது ஊறுகிறது?" என்பதுதான். முழுப்பயறு வகைகளின் சூட்சுமம் இவ்வளவே. காலையில் நினைத்துக்கொண்டால் கொண்டைக்கடலை வேகாது. கை தானாகவே துவரம் பருப்பு டப்பாவுக்குத்தான் போகும். இரவே இரண்டு ஆழாக்குக் கடலையை ஊற வைத்தால் ஒரு முறை வேக வைப்பதில் இரண்டு வேளை தீர்ந்துவிடும். பாதி மாலையில் சுண்டல். மீதியில் ஒரு பிடியை அரைத்துவிட்டு மற்றதை முழுதாகப் போட்டால் மறுநாள் குழம்பு. வெந்த நீர் ரசத்துக்கு. கொள்ளும் இப்படியே.

இன்னொரு விதியும் வைத்திருக்கிறோம். ஒரு வேளையில் பருப்புக்கு ஒரு வேடந்தான். கொத்தவரங்காயில் பருப்புசிலி செய்த அன்று சாம்பார் கிடையாது, மோர்க்குழம்பு. பருப்புத் துவையல் அரைத்த அன்று மிளகு ரசம். காய் கிடைக்காத நாளில் காராமணி போட்ட வற்றற்குழம்பு. இட்லிக்கு அரிசி நான்கு பங்கு, உளுந்து ஒரு பங்கு என்பது யாவரும் அறிந்தது. அரிசியில் பாதியைக் குறைத்துச் சோளம் சேர்த்தால் தோசை மணமாக வரும். சோளம் மட்டும் கூடுதலாக ஊற வேண்டும். அடைக்கு இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்புக் கலவை. எந்த டின்னில் கைப்பிடியளவு மிச்சமோ அதெல்லாம் அடைக்குப் போகும். புளித்த மாவு குழிப்பணியாரமாகும். முளை கட்டிய பயற்றுக்கு எலுமிச்சை பிழிவது ருசிக்கு மட்டுமன்று. பயற்றின் இரும்புச்சத்து உடலில் சேர அது உதவுகிறது. அரிசியில் குறைந்த லைசின் என்னும் சத்துப் பருப்பில் மிகுதி. பருப்பில் குறைந்தது அரிசியில் உண்டு. பொங்கலும் அடையும் கண்டுபிடித்த நம் பாட்டிமார் அப்பெயரை அறியாமலே அக்காரியத்தைச் செய்திருக்கிறார்கள்.

பயறு வேகவில்லை என்று கடைக்காரரை வைவது வழக்கம். பல சமயம் குற்றம் நம்முடையது. வெப்பத்திலும் ஈரத்திலும் நெடுநாள் கிடந்த பயறு எவ்வளவு ஊறினாலும் இறுகியே நிற்கும். ஆழ்குழாய்க் கிணற்றின் உப்பு நீரும் அதைக் கெடுக்கும். அதற்கு ஊறும் நீரில் ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா போதும். புளியை வெந்த பிறகே விட வேண்டும். பழகிப் போன துவரம் பருப்பைச் சாம்பாருக்கு வற்புறுத்தாமல், வறுத்துப் பருப்புப் பொடியாக்கிவிடுகிறோம்.

வண்டு விஷயம் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியது. பயற்று வண்டு நம் வீட்டில் பிறப்பதன்று; வயலிலேயே காயின்மேல் முட்டையிட்டுவிடுகிறது. நாகபுரியில் மே மாத வெயில் 45 டிகிரியைத் தாண்டும். அந்த வெயிலை நாம் திட்டித் தீர்க்கிறோமே யொழியப் பயன்படுத்துவதில்லை. ஜூன் நடுவில் மழை இறங்குமுன் பயறனைத்தையும் இரண்டு மூன்று நாள் மொட்டைமாடியில் பரப்பி, ஆறிய பின்னரே டின்னில் இட வேண்டும். சூட்டோடு மூடினால் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். அரிசியைக் கடு வெயிலில் போடலாகாது. வெடித்து நொய்யாகும், நிழலே போதும். ரவையை வறுத்து வைப்பது நல்லது. ஒவ்வொரு டின்னின்மேலும் சுண்ணாம்புக் கட்டியால் மாதத்தை எழுதிவிடுகிறோம்; முன்னே வந்தது முன்னே போக வேண்டும். சரக்குக் கொட்டகையில் நாள்தோறும் கையாளுகிற இந்த முறையை வீட்டுக்குக் கொண்டுவர எங்களுக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

ஊரிலிருந்து எதைச் சுமப்பது என்பதிலும் யோசனை வேண்டும். விதர்ப்பத்தில் துவரை விளைகிறது. அதை இங்கு சுமந்து வருவானேன்? கொல்கத்தாவில் இருப்பவர்களுக்குப் புழுங்கலரிசி தெருமுனையிலேயே கிடைக்கும். கோதுமையை அறுவடை முடியும் ஏப்ரலில் வாங்குவது வட நாட்டார் வழக்கம். மொச்சையும் கொள்ளும் மட்டுமே எங்கள் மூட்டையில் இப்பொழுது வருகின்றன.

சென்ற கோடையில் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் அந்தப் பழைய மொச்சைக் கதையைச் சொல்லிவிட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "வண்டு விழுந்ததென்று அன்றைக்கே சொல்லியிருந்தால் வேப்பிலை போட்டுக் கட்டியிருப்பேனே" என்றார். இந்த முறை மூட்டையில் இரண்டு படிதான் இருந்தது. மேலே காய்ந்த வேப்பிலை. புரட்டாசி வரைக்கும் வரும்.