பித்தநாளப் புற்றும் மருந்தாய்வும்

கல்லீரலில் சுரக்கும் பித்தநீரைச் சிறுகுடலுக்குக் கொண்டுசெல்லும் மெல்லிய குழாய்களே பித்தநாளங்கள். அவற்றின் உட்சுவரில் தோன்றும் புற்று, தொடக்கத்தில் அறிகுறி ஏதும் காட்டாது வளரும் இயல்பினது. மஞ்சள் காமாலையும் தோலரிப்பும் எடைக்குறைவும் தோன்றும்போது, பலருக்கு நோய் அறுவை மருத்துவத்தின் எல்லையைக் கடந்துவிடுகிறது. வடகிழக்குத் தாய்லாந்தில், வேகாத நன்னீர் மீன்வழி உடலுட் புகும் தட்டைப்புழுவால் இந்நோய் மிகுதி. உலகின் பெரும்பகுதியில் அரிது. அரிய நோய்க்கு மருந்து காண்பது எங்ஙனம் என்பதே நாம் ஈண்டு நோக்குவது.

மருந்துண்ட ஒருவர் நலமடைந்தார் என்பதாலேயே அம்மருந்தின் பயன் மெய்ப்பட்டுவிடாது. உண்ணாதாரோடு ஒப்பிடல் வேண்டும். இவ்வுண்மையைப் பதினொரு நூற்றாண்டுகட்கு முன்னரே உணர்ந்தவர் அபூபக்ர் அர்ராஸி. மூளையுறை அழற்சிக்கு முன்னறிகுறி கண்டோருள் ஒரு சாராருக்குக் குருதி வடித்தும், மறுசாராரை வேண்டுமென்றே வடியாது விட்டும் வேறுபாடு கண்டதாக அவர் குறித்துள்ளார். இன்றைய மருந்தாய்வு, ஒப்பீடு என்னும் அதே அடிப்படையின்மேல் நிற்பதாகும்.

2010-ஆம் ஆண்டு வெளியான பிரிட்டானிய ஆய்வொன்றில், பித்தநாளம், பித்தப்பை முதலியவற்றில் முற்றிய புற்றுடையோர் 410 பேர் பங்கேற்றனர். யாருக்கு எது என்பதனை மருத்துவர் தேர்ந்திலர். குலுக்கல் முறையே முடிவு செய்தது. ஜெம்சிடபின் மட்டும் பெற்றோரின் இடைநிலை வாழ்நாள் 8.1 திங்கள், சிஸ்பிளாட்டினும் சேர்த்துப் பெற்றோருக்கு 11.7 திங்கள். பின்னர், நோயெதிர்ப்பாற்றலைத் தூண்டும் டுர்வாலுமாப் என்னும் மருந்து, 685 பேர் பங்கேற்ற ஆய்வில் இவ்விரண்டோடும் இணைக்கப்பெற்றது. 2022-இல் வெளியான முடிவின்படி, ஈராண்டு கடந்தும் உயிருடனிருப்போர் நூற்றுக்குப் பத்து என்றிருந்த நிலை, ஏறத்தாழ இருபத்தைந்தாக உயர்ந்தது.

"நம்மைச் சோதனை எலியாக்குவரோ? வெறும் நீரைச் செலுத்துவரோ?" எனப் பெரியோர் அஞ்சுவதுண்டு. அவ்வச்சம் இகழத்தக்கதன்று. ஆயினும், மேற்கண்ட இரண்டாம் ஆய்வில் புதுமருந்து பெறாதார்க்கும் வழக்கமான இரு மருந்துகளும் குறைவின்றி அளிக்கப்பெற்றன. நோயாளியின் எழுத்து மூலமான ஒப்புதலும் அறநெறிக் குழுவின் இசைவும் இன்றி ஆய்வு தொடங்கலாகாது. இடையில் விலகும் உரிமையும் நோயாளிக்குண்டு. நம் நாட்டில் 2009 முதல் மருந்தாய்வுகளை முன்கூட்டியே பொதுப் பதிவேட்டில் பதிதல் கட்டாயமாகும்.

நோயுற்றால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தமை நாமறிந்ததே. ஒப்புதல் தாளை வாசித்தறிய இயலாத முதியவர்க்கு, அதனைத் தமிழில் விளக்கி, ஐயங்களை மருத்துவரிடம் கேட்கத் துணைநிற்றல் கற்ற மாணவரின் கடனாகும். கையொப்பமிடுவதும் மறுப்பதும் அறிந்து செய்யும் செயலாக அமைதல் வேண்டும்.