ஸ்பீக்கரைச் செருகினால் சத்தம் ஏன் குறைகிறது?

நீலாய் - கையடக்க ஸ்கேனரோ சட்டைப்பை வானொலியோ, வெளி ஸ்பீக்கரைச் செருகியதும் சத்தம் முனகலாகிவிடுகிறதா? மின்னல் பண்பலையே துணை என்றிருக்கும், காது மந்தமான தாத்தா பாட்டி உள்ள வீட்டில் இது சின்ன விஷயமல்ல. பழுது என்று பெட்டியை வீசுமுன் சற்றுப் பொறுங்கள்.

ஸ்பீக்கரைக் கழற்றியதும் பெட்டி நன்றாக ஒலித்தால், பெரும்பாலும் அதில் குறையில்லை. அந்த 3.5 மில்லிமீட்டர் துளை இயர்போனுக்கானது. காதுக்குள் ஒலிக்க அதன் மின்திறன் போதும்; வெறும் ஸ்பீக்கரை அதிர வைக்கக் காணாது. ஆம்ப்ளிபையர் உள்ள, அதாவது பேட்டரியிலோ யுஎஸ்பியிலோ இயங்கும் ஸ்பீக்கரே வேண்டும். வானொலியின் ஒலியைப் பாதியில் வைத்து, மீதியை ஸ்பீக்கரில் ஏற்றுங்கள். இரண்டையும் முழுக்கத் திருகினால் இரைச்சல்தான் மிஞ்சும். மலிவான கைப்பேசி சார்ஜரும் இரையும். பவர் பேங்க் மேல்.

செருகியையும் பாருங்கள். ஒரு கறுப்பு வளையம் இருந்தால் மோனோ, இரண்டிருந்தால் ஸ்டீரியோ. ஸ்டீரியோ செருகியை மோனோ துளையில் போட்டால் ஒரு பக்கம் மட்டுமே ஒலிக்கும். மாற்றிப் போட்டால் ஒரு பக்க ஒலி தரையோடு இணைந்து, பெட்டியையே கெடுக்கக்கூடும். இதற்கான அடாப்டர் மலிவுதான்.

கையில் சூட்டுக்கோல் பிடிப்பவர்கள் எல்எம்386 சில்லில் தாங்களே ஆம்ப்ளிபையர் செய்யலாம். 9 வோல்ட் பேட்டரி போதும். அதன் 1, 8ஆம் கால்களுக்கிடையே 10 மைக்ரோபாரட் மின்தேக்கி வைத்தால் பெருக்கம் 20 மடங்கிலிருந்து 200 ஆகும்.

ஸ்கேனர் வைத்திருப்போர் கவனத்திற்கு: பிறர் தொடர்பை அனுமதியின்றி இடைமறிப்பது 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 234ஆவது பிரிவின்கீழ் குற்றம்.