கோபுரத்தில் இருந்து குதித்துப் பிழைத்தவர் சாதாரணக் காட்சியில் பலி! ஹாலிவுட் 'டூப்' நடிகரின் பரிதாபக் கதை

ஹீரோ மாடியில் இருந்து குதிக்கிறார். தியேட்டரில் விசில் பறக்கிறது. குதித்தவர் ஹீரோ இல்லை, 'டூப்' என்பது டிக்கெட் கிழிக்கிறவருக்கும் தெரியும். ஆனால் அந்த டூப்பின் பெயர் என்ன? யாருக்கும் தெரியாது.

ஹாலிவுட்டில் பெயர் சொன்னாலே தெரிகிற அளவுக்கு ஒரு டூப் உயர்ந்தார். அவர்தான் டார் ராபின்சன். 1947-ல் பிறந்தவர். 19 ஆண்டு ஸ்டண்ட் தொழிலில் இருந்தும் உடம்பில் ஓர் எலும்புகூட முறியாதவர் என்று பெயர் வாங்கியவர்.

இது லேசுப்பட்ட விஷயம் அல்ல. அதே காலத்து ஸ்டண்ட் மன்னர் ஹால் நீதம், தன் உடம்பில் முறிந்த எலும்புகள் 56 என்று கணக்குச் சொன்னவர். முதுகெலும்பு மட்டும் 2 தடவை!

சட்டைக்குள் பாராசூட்

கனடாவில் டொரன்டோ நகரில் சி.என். கோபுரம் இருக்கிறது. உயரம் 1,815 அடி. 1979-ல் 'ஹைபாயிண்ட்' என்ற படத்துக்காக, நடிகர் கிறிஸ்டோபர் பிளம்மருக்கு டூப்பாக அதில் இருந்து குதித்தார் ராபின்சன். ஆயிரம் அடிக்கு மேல்!

சட்டைக்குள் பாராசூட் இருந்தது. ஆனால் அது கேமராவில் தெரியக்கூடாதே! ஆகவே கல் மாதிரி விழுந்துகொண்டே வந்து, கடைசியில்தான் விரித்தார். இந்த ஒரு குதிக்குச் சம்பளம் லட்சம் டாலருக்கும் மேல்.

மறு ஆண்டு அதே கோபுரத்துக்கு மறுபடி வந்தார். இந்தத் தடவை பாராசூட் கிடையாது. உடம்பில் மாட்டிய மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றுதான். குதித்தார். தரையைத் தொடும் முன்பே கம்பி அவரை நிறுத்தியது.

மெத்தை கிழிந்தது

உயரத்தில் இருந்து குதிக்கிறவர்கள் காற்று மெத்தையில் விழுவதுதான் வழக்கம். மின்விசிறி வைத்து ஊதிய பெரிய நைலான் பை அது. ஆள் விழுந்ததும் காற்று பக்கவாட்டில் வெளியேறி, வேகத்தை வாங்கிக்கொள்ளும். விழுகிறவர் நட்ட நடுவில், முதுகு படும்படி விழவேண்டும். கொஞ்சம் தவறினாலும் கதை முடிஞ்சுது.

1978-ல் ஏ.ஜே. பகுனாஸ் என்ற ஸ்டண்ட் நடிகர் அப்படித்தான் மாண்டார். 'ஸ்டீல்' படத்துக்காக ஒரு தடவை குதித்து நல்லபடியாக முடித்திருந்தார். தன் சாதனையை ராபின்சன் முறியடித்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும், ரோஷத்தோடு திரும்பி வந்தார். கென்டக்கி மாநிலத்தில் 300 அடிக்கு மேல் உயரமான கட்டிடத்தின் உச்சியில் இருந்து குதித்தார். சரியாகத்தான் விழுந்தார். மெத்தை கிழிந்துவிட்டது! வயது 27.

மெத்தையில் இன்னொரு சங்கடமும் உண்டு. மேலே இருந்து படம் எடுத்தால் கீழே அது பளிச்சென்று தெரியும். ராபின்சன் இதற்கு ஒரு வழி செய்தார். கம்பியை உருளையில் சுற்றி, ஆள் விழ விழ கொஞ்சம் கொஞ்சமாகப் பிரேக் பிடிக்கிற கருவி. 1985-ல் வந்த 'ஸ்டிக்' படத்தில் அவரே வில்லனாக நடித்து, துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே மாடியில் இருந்து மல்லாக்க விழுந்தது இந்தக் கம்பியை நம்பித்தான்.

1981-ல் வந்த 'ஷார்கீஸ் மெஷின்' படத்துக்காக அட்லாண்டா நகர ஓட்டலில் 220 அடியில் இருந்து விழுந்தார். படத்தில் வந்ததோ ஜன்னலை உடைத்துக்கொண்டு பாய்கிற ஆரம்பம் மட்டும். மிச்சத்துக்குப் பொம்மையைப் போட்டுவிட்டார்கள்! பொம்மைக்கு ஏது உயிர்ப் பயம்?

டாக்டர் குழு போய்விட்டது

நாம் ஸ்டண்ட் மாஸ்டர் என்கிறோமே, அங்கே அவருக்கு 'ஸ்டண்ட் கோஆர்டினேட்டர்' என்று பெயர். ஆளின் எடை என்ன, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, மெத்தையை எங்கே வைப்பது, ஆம்புலன்ஸ் எங்கே நிற்கவேண்டும் என்று எல்லாம் பார்ப்பது அவர் பொறுப்பு. பெரிய குதி என்றால் பத்துத் தடவை சரி பார்ப்பார்கள். சின்னக் காட்சி என்றால்?

1986 நவம்பர் 21. அரிசோனா மாநிலம் பேஜ் நகர் அருகே 'மில்லியன் டாலர் மிஸ்டரி' படப்பிடிப்பு. பெரிய ஸ்டண்டுகள் முடிந்துவிட்டதால் அவசர மருத்துவக் குழு கிளம்பிப் போய்விட்டது. பாக்கி இருந்தது மோட்டார் சைக்கிளில் வேகமாகக் கடந்துபோகிற காட்சிதான். ராபின்சனுக்கு இதெல்லாம் ஜுஜுபி.

வளைவில் பிரேக் பிடிக்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. வண்டி திரும்பவில்லை. பாதையைத் தாண்டிப் பள்ளத்தில் பாய்ந்தது. ராபின்சன் பலியானார். வயது 39.

படத்தை ஒட்டி ரசிகர்களுக்கு 10 லட்சம் டாலர் பரிசுப் போட்டி வேறு நடத்தினார்கள். அமெரிக்காவில் படம் வசூலித்தது அந்தப் பரிசுத் தொகையைக்கூட எட்டவில்லை.

1987-ல் வந்த 'லீத்தல் வெப்பன்' படத்தை ராபின்சன் நினைவுக்குச் சமர்ப்பணம் செய்தார்கள்.

ஸ்டண்டுக்கு என்று ஆஸ்கார் பரிசு அப்போது கிடையாது. ஹால் நீதம் மாதிரி ஒன்றிரண்டு பேருக்குக் கௌரவ ஆஸ்கார் கொடுத்ததோடு சரி. அதற்குத் தனிப் பரிசு என்று 2025-ல்தான் அறிவித்தார்கள். 2027-ல் வரும் படங்களுக்கு, 2028 விழாவில் முதல் பரிசு.