இடாப்பில் ஒரு பெயர், இரண்டு ஊர்

தரம் 1 அனுமதிக்கான நேர்முகப் பரீட்சை மேசையில் நானும் சில வருடங்கள் இருந்திருக்கிறேன். ஒருமுறை வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலி செய்யும் தாய் ஒருவர் வந்தார். புத்தளத்து அகதி முகாமில் பிறந்தவர். அந்த மண்ணை விட்டு எங்கும் போய் வாழாதவர். வாக்காளர் இடாப்பைக் கேட்டோம். "பேர் இருக்கு சேர். ஆனா மன்னாரிலதான்" என்றார்.

விஷயம் விளங்காதவர்களுக்குச் சொல்கிறேன். பாடசாலைக்கு அருகில் வசிப்போர் என்ற பிரிவில், முந்திய ஐந்து வருட இடாப்புகளில் பெற்றோரின் பெயர் அதே முகவரியில் இருக்கிறதா என்று பார்த்துப் புள்ளி போடுவோம். மேற்படி தாய்க்கு அதில் பூச்சியம். குடியிருப்பு பொய்யில்லை, கடதாசிதான் இல்லை.

அப்படியானால் ஏன் மன்னாரில் பதிந்தார்? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடக்கு முஸ்லிம்களுக்கு, ஊர் இடாப்பில் உள்ள பெயர் வெறும் வாக்கு மட்டுமல்ல. காணி, வீட்டுத்திட்டம், பிரதேச சபையில் ஓர் ஆசனம், எல்லாம் அதையே சுற்றி நிற்கின்றன. பெயரை எடுத்தால் ஊரே போய்விடும் என்ற பயம். அது வீண் பயமென்று நான் சொல்லமாட்டேன். போரினால் இருப்பிடம் இழந்தவர்கள் பழைய இடத்திலேயே பதிய 2013இல் விசேட சட்டமொன்று வழி செய்ததும் இதற்காகத்தான். ஆனால் ஒருவருக்கு ஓரிடத்தில்தான் பதிவு. வாக்கை ஊரில் வைத்தால் பிள்ளையின் பள்ளிக்கூடம் கைநழுவுகிறது.

யுத்த காலத்தில் புத்தளத்திலேயே கொத்தணி வாக்களிப்பு நிலையங்கள் இருந்தன. பிறகு பஸ் ஏறிப் போக வேண்டியதாயிற்று. 2019 நவம்பர் 16ஆந் திகதி, ஜனாதிபதித் தேர்தலன்று, அப்படிப் போன பஸ்கள்மீது தந்திரிமலையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

லீவுக்கும் ஏற்பாடு உண்டு. வாக்களிக்கச் சம்பளத்தோடு குறைந்தது நான்கு மணித்தியாலம். 150 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணமென்றால் இரண்டு நாள். அநுராதபுரம், மதவாச்சி வழியாக மன்னார் அதைவிடத் தூரம். ஆனால் தோட்டத்து நாட்கூலிக்கு யார் லீவு தருவது? அன்று வேலையில்லை, காசுமில்லை, அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால், இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குக் குடியிருப்பை உறுதிப்படுத்தக் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழும் கரண்ட் பில்லும் போதும். இடாப்பை அதற்குள் இழுக்கத் தேவையில்லை. கொத்தணி நிலையங்களைத் திரும்பத் திறப்பதும் பெரிய செலவல்ல.

மற்ற வருடம் பி.சி. படிவம் வந்த நேரம் அந்தத் தாயைச் சந்தியில் கண்டேன். இளைய பிள்ளைக்கு அப்போது இரண்டு வயது. "என்ட பேரை இங்க போட்டுட்டேன் சேர். அவர்ர பேர் ஊரிலயே இருக்கட்டும்" என்றார்.