கமக்காரர் வீட்டிற்கு ஏற்ற நாய் எது?

நாய் கமக்காரரின் பழைய துணை. களத்து நெல்லையும், தோட்டத்து மரக்கறியையும், ஆடு கோழிகளையும் இராக்காலத்தில் காத்து நிற்பது அது. ஆயினும் எல்லா நாய்களும் எல்லா வீட்டிற்கும் பொருந்தா. நாய் பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. ஆகையால், அழகை மட்டும் நோக்கி அவசரமாக வாங்குதல் தகாது.

தேவையை அறிதல்

காவலுக்கு வேண்டியது நாயின் குரலேயன்றி அதன் கடியன்று. காட்டுப்பன்றி வரும்போது குரைத்து உங்களை எழுப்பும் நாயே போதுமானது. பன்றியுடன் பொரும்படி நாயை ஏவுதல் கூடாது. பன்றியின் கொம்புப்பல் அதன் வயிற்றைக் கிழித்துவிடும்.

இனங்கள்

அல்சேஷன்: 1899ஆம் ஆண்டு தொடக்கம் ஜேர்மனியில் மந்தை காக்கும் நாய்களிலிருந்து விருத்தி செய்யப்பட்ட இனம். அறிவு மிக்கது. வளர்ந்த ஆண் நாய் 30 முதல் 40 கிலோகிராம் வரை நிறையுடையது. உணவுச் செலவு அதிகம். அடர்ந்த மயிருள்ளதால் வெப்பத்தில் வருந்தும். நாள்தோறும் பயிற்சி அளிக்க இயலாதவர் இதனை வாங்கலாகாது.

பொமரேனியன்: சிறியது, உரத்துக் குரைக்கும். ஆனால் இதன் நீண்ட மயிரில் சேறும் உண்ணியும் பற்றும்.

டாஷண்ட்: குட்டைக் கால்களும் நீண்ட முதுகும் உடையது. வரம்புகளில் ஏறிக் குதிப்பதால் முள்ளந்தண்டு பழுதடையலாம்.

டெரியர்: எலி பிடிப்பதில் வல்லது. நிலத்தைத் தோண்டும் இயல்புடையதாகையால் நாற்றுமேடைக்கு வேலி அவசியம்.

ஊர் நாய்: மயிர் குறுகியது; நமது வெப்பத்திற்குப் பழகியது; குறைந்த செலவில் வளரும்; அந்நியரை விரைவில் உணரும். பெரும்பாலான கமக்காரருக்கு இதுவே உகந்தது.

ஓர் அனுபவம்

வெங்காயச் செய்கையாளர் ஒருவர் அல்சேஷன் குட்டியொன்றை வாங்கினார். அறுவடை வேலை மிகுதியால் அதனைக் குறுகிய சங்கிலியிற் கட்டியே வைத்தார். பழக்குவாரின்றி வளர்ந்த அந்நாய் ஒருநாள் அயல்வீட்டுச் சிறுவனைக் கடித்தது. தடுப்பூசி போடப்படாத நாயாகையால் இரு குடும்பங்களும் பல நாட்கள் அச்சத்துடன் கழித்தன. சிறுவனுக்கு உடனே சிகிச்சை கிடைத்தமையால் தீங்கு நேரவில்லை. இங்கு குற்றம் நாயினுடையதன்று, தெரிவினதும் பராமரிப்பினதுமாகும்.

தெரிவும் பராமரிப்பும்

எட்டு வாரம் நிறையுமுன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். தெளிந்த கண்ணும், ஊதாத வயிறும், மனிதரை அணுகும் இயல்பும் உள்ள குட்டியைத் தெரிவு செய்க. குட்டிகள் பெருகாதிருக்கக் கருத்தடை செய்விக்க. வெங்காயம் நாயின் செங்குருதிக் கலங்களை அழிக்கும், சமைத்ததாயினும் கொடுக்கற்க. நாயின் மலத்தில் புழு முட்டைகள் இருக்கலாமாதலின் அதனை மரக்கறிப் பாத்திகளுக்குப் பசளையாக இடலாகாது. எலி நஞ்சையும் பூச்சிநாசினிகளையும் நாய்க்கு எட்டாதவாறு பூட்டி வைக்க.

விசர்நோய்

மிருக வைத்தியரின் ஆலோசனைப்படி குட்டிக்கு விசர்நோய்த் தடுப்பூசி போடுவித்து, ஆண்டுதோறும் புதுப்பிக்கவும். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நோய்க்குறி தோன்றியபின் உயிர் பிழைத்தல் மிக அரிது.

உங்கள் வளவு, வருமானம், ஓய்வு நேரம் ஆகிய மூன்றையும் அளந்து பார்த்து நாயைத் தெரிவு செய்யுங்கள். அவ்வாறு தெரிந்த நாய் வீட்டிற்கும் வயலுக்கும் நற்காவலாகும்.